ரிசர்வ் வங்கிக்கு ஆர்டிஐ போட்டேன். ‘ஏன்’ என்று கேட்டால் அது தகவல் ஆகாதா?

பாசிக்காரி மகள்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர் ஏர்வாடிக்கும் வாலிநோக்கத்துக்கும் நடுவில் இருக்கிற சின்னக் கடற்கரைக் கிராமம். அம்மா பாசி எடுக்கப் போகிறவர். நான் மகளிர் குழுவில் ஊக்குநர். ஊரில் இருந்த ஒரே வங்கிக் கிளையைப் போன வருடம் மூடிவிட்டு, எல்லார் கணக்கையும் பதினோரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கிளைக்கு மாற்றிவிட்டார்கள். எந்த வங்கி என்று இங்கே எழுத விரும்பவில்லை.

மீன்பிடித் தடைக்கால நிவாரணம் ஏறிவிட்டதா என்று பார்க்கப் போனால்கூட ஒரு நாள் வேலை போகிறது. ‘வங்கி மித்ரா, அதாவது வங்கியின் முகவர், வீட்டுக்கே வருவார், விரல் வைத்தால் பணம்’ என்றார்கள். அம்மாவுக்கு விரல் ரேகையே மெஷினில் விழாது. முப்பது வருடம் துணியைச் சுற்றிக்கொண்டு பாறையில் பாசி பிய்த்த விரல். எங்கள் குழுவில் பன்னிரண்டு பேரில் ஏழு பேருக்கு இதே கதைதான்.

அதனால் தகவல் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) ரிசர்வ் வங்கிக்கு எழுதினேன். மூன்று பக்கம். எங்கள் கிளையை ஏன் மூடினீர்கள், ஊர் மக்களை ஏன் கேட்கவில்லை, வயதானவர்கள் என்ன செய்வார்கள், கிளை திரும்ப வருமா என்றெல்லாம் கேட்டு, கடைசியில் மூடுவதற்கு ரிசர்வ் வங்கி கொடுத்த ஒப்புதல் கடிதத்தின் நகலும் கேட்டிருந்தேன்.

26ஆம் நாள் பதில் வந்துவிட்டது. விளக்கமும் கருத்தும் கேட்பது பிரிவு 2(எஃப்)-இல் சொல்கிற ‘தகவல்’ ஆகாது என்று ஒரு வரி. அப்படி ஓர் ஒப்புதல் கடிதம் தங்கள் பதிவேட்டில் இல்லை என்று இன்னொரு வரி. மேல்முறையீடு செய்ய 30 நாள் இருக்கிறதாம். அதில் ஒன்பது நாள் போய்விட்டது. ஒப்புதல் இல்லாமலே ஒரு கிளையை மூட முடியுமா? நான் அடுத்து என்ன செய்யட்டும்?

ஓய்வு போஸ்ட்மாஸ்டர், உச்சிப்புளி:

தாயி, முதலில் ஒன்று. உங்களுக்கு வந்த பதில் ஏமாற்றுப் பதில் இல்லை. இரண்டு வரியும் சரிதான். ஆனால் அதோடு வழி அடைபட்டுவிடவில்லை.

நீங்கள் ஊக்குநர் என்கிறீர்கள். குழுவில் ஒருவருக்குக் கடன் கொடுத்தால் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவீர்கள் இல்லையா? நாளைக்கு ஒருத்தர் வந்து ‘அவளுக்கு ஏன் கொடுத்தீர்கள்’ என்று கேட்டால் அதற்கு ஆளுக்கு ஒரு பதில் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். ‘அந்தத் தேதித் தீர்மானத்தைக் காட்டுங்கள்’ என்று கேட்டால் நோட்டை எடுத்துத்தான் ஆக வேண்டும். இந்தச் சட்டமும் அப்படித்தான். அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கிற காகிதத்தைக் கேட்கலாம்: கடிதம், கூட்டக் குறிப்பு, சுற்றறிக்கை, கோப்புக் குறிப்பு, கணினியில் இருக்கிற விவரம். உங்களுக்காக உட்கார்ந்து புதிதாக ஒரு காரணம் எழுதித் தர அவர்களுக்குக் கடமை இல்லை. உச்ச நீதிமன்றமும் 2011-இல், சிபிஎஸ்இ விடைத்தாள் வழக்கில், இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. கோப்பில் காரணம் எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தின் நகலைக் கேளுங்கள். ‘ஏன்’ என்பதற்கான பதில் அதிலேயே இருக்கும்.

அப்புறம், அந்த ஒப்புதல் கடிதம். அது ரிசர்வ் வங்கியில் இல்லாததற்குக் காரணம் இருக்கிறது. 2017 மே மாதத்தில் ரிசர்வ் வங்கி திருத்திய கிளை விதிகளின்படி, கிராமக் கிளையை மூடவோ இடம் மாற்றவோ மாவட்ட ஆலோசனைக் குழுவின் ஒப்புதல், இல்லாவிட்டால் மாவட்ட அளவிலான ஆய்வுக் குழுவின் ஒப்புதல் வேண்டும். மக்கள்தொகை பத்தாயிரத்துக்குக் கீழே இருந்தால் கிராமக் கிளை. உங்கள் ஊர் அதில்தான் வரும். ஆலோசனைக் குழுவுக்குத் தலைவர் கலெக்டர். கூட்டத்தைக் கூட்டிக் குறிப்பு எழுதுகிறவர் முன்னோடி வங்கி மேலாளர், மாவட்டத்தில் வங்கிகளை ஒருங்கிணைக்கிற வங்கியின் அதிகாரி. ரிசர்வ் வங்கியிலிருந்தும் மாவட்டத்துக்கென்று ஒரு முன்னோடி மாவட்ட அலுவலர் வந்து உட்காருவார்.

அவரும் உறுப்பினர் என்பதால் அந்தக் கூட்டக் குறிப்பு ரிசர்வ் வங்கிக்கும் போகும். நீங்கள் கேட்க வேண்டியது அதைத்தான். இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை நடந்த ராமநாதபுரம் மாவட்ட ஆலோசனைக் குழு, ஆய்வுக் குழுக் கூட்டங்களின் குறிப்பு நகல். கிளையை மூடியது பற்றி வங்கி ரிசர்வ் வங்கிக்குத் தெரிவித்த கடிதம் அல்லது பதிவு. மூடிய நாளில் நடப்பில் இருந்த கிளை விதிகள். இந்த மூன்று போதும். எதற்கு வேண்டும் என்று ஒரு வரிகூட எழுதத் தேவையில்லை, பிரிவு 6(2) அதைக் கேட்கவே கூடாது என்கிறது.

அம்மாவின் விரல் கதையை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதற்கு இடம் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம். அங்கே மனுவாக எழுதிக் கொடுங்கள், அந்த ஏழு பேரின் கையெழுத்தோடு.

தொண்டிக் கடலோரம்:

நான் வக்கீல் குமாஸ்தா. போஸ்ட்மாஸ்டர் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஒரே காகிதத்தை இரண்டு இடத்தில் கேளுங்கள், ரிசர்வ் வங்கியிலும் கலெக்டர் அலுவலகத்திலும். ஓர் இடத்தில் இல்லை என்றால் இன்னோர் இடத்தில் கிடைக்கும். வேறு அலுவலகத்தில் இருக்கிற தகவல் என்றால் 5 நாளுக்குள் அங்கே மாற்றிவிட வேண்டும் என்று பிரிவு 6(3) சொல்கிறது. ஆனாலும் அதை நம்பி உட்கார வேண்டாம். உங்கள் வங்கி அரசுடைமை வங்கி என்றால் அதற்கும் நேரடியாக மனு போடலாம்.

நம் ஆட்கள் அடிக்கடி தவறுகிற இடம் கட்டணம். இரண்டுக்கும் 10 ரூபாய்தான். கலெக்டர் ஆபீஸுக்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டலாம். ரிசர்வ் வங்கி மத்தியச் சட்ட விதியில் வருவதால் அந்த ஸ்டாம்ப் அங்கே செல்லாது.

மேல்முறையீடு என் கணக்கில் வேண்டாம். இல்லாத கடிதத்தை மேல் அதிகாரியாலும் தர முடியாது. புது மனுவே வேகம். புது மனுவுக்கு 30 நாளில் பதில் வரவில்லை என்றால் அப்போது முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் கிடையாது. ரிசர்வ் வங்கி மனுவில் அங்கேயும் சரியில்லை என்றால் 90 நாளுக்குள் டெல்லியில் மத்தியத் தகவல் ஆணையம்.

ஓய்வு போஸ்ட்மாஸ்டர், உச்சிப்புளி:

கட்டணம் பற்றித் தம்பி சொன்னது ரொம்ப முக்கியம். போஸ்டல் ஆர்டர் வாங்கினால் ‘ரிசர்வ் பேங்க் ஆஃப் இந்தியா’ பெயரில் எழுதி, அதன் எண்ணை மனுவிலும் குறித்துவிடுங்கள். உறையிலிருந்து தவறி விழுந்தாலும் ஆதாரம் இருக்கும். பதிவுத் தபால் இப்போது தனியாக இல்லை, 2025-இல் ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்துவிட்டது. அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள், உங்கள் 30 நாள் கணக்குக்கு அது உதவும்.

கீழக்கரை சபுராளி:

நான் ஷார்ஜாவில் இருக்கிறேன். ஆர்டிஐ ஆன்லைன் தளத்திலேயே ரிசர்வ் வங்கிக்கு மனு போடலாம், கட்டணமும் அங்கேயே கட்டலாம். தமிழில் எழுதினால் பிடிஎஃப் ஆக இணைத்துவிடுவது நல்லது. எனக்கு ஒரு சந்தேகம். அந்த வங்கியை ரிசர்வ் வங்கி சோதனை செய்த அறிக்கையையே கேட்டால் என்ன? அது ரகசியம் என்றுதானே சொல்வார்கள்?

தொண்டிக் கடலோரம்:

அண்ணே, அந்த வாதத்தை உச்ச நீதிமன்றம் 2015 டிசம்பர் 16-இல் ஜெயந்திலால் மிஸ்திரி வழக்கில் ஏற்கவில்லை. வங்கிகள் நம்பிக்கையின் பேரில் ஒப்படைத்த ரகசியம் அது என்று சொல்லித் தப்ப முடியாது, ரிசர்வ் வங்கியின் கடமை பொதுமக்களுக்கும் நாட்டின் பொருளாதாரத்துக்கும்தான் என்றது தீர்ப்பு. அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெறச் சொல்லி வங்கிகள் போட்ட மனுக்களும் 2021 ஏப்ரலில் தள்ளுபடி ஆயின. ஆனால் அதற்குப் பிறகும் வங்கிகள் தனியாக வழக்குப் போட்டுப் போராடுகின்றன. தங்கச்சிக்கு வேண்டியது ஒரு கிளையைப் பற்றிய இரண்டு பக்கம். அதற்காக அந்தச் சண்டைக்குள் போக வேண்டாம் என்பேன்.

பாசிக்காரி மகள்:

ஐயா, அண்ணன்மார் எல்லாருக்கும் நன்றி. தீர்மான நோட்டு என்று சொன்னதும் எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அந்த மூன்று பக்கத்தை அப்படியே கலெக்டர் மனுவுக்கு வைத்துக்கொண்டேன். ரிசர்வ் வங்கிக்கு எழுதியது இப்போது அரைப் பக்கம்தான்:

‘போன வருடம் எங்கள் ஊர்க் கிளை மூடப்பட்டதை ஒட்டி நடந்த ராமநாதபுரம் மாவட்ட ஆலோசனைக் குழு மற்றும் மாவட்ட அளவிலான ஆய்வுக் குழுக் கூட்டக் குறிப்புகளின் நகல்…’

தமிழில் போடலாமா, இல்லை ஆங்கிலத்தில் எழுத ஆள் பார்க்கட்டுமா?

ஓய்வு போஸ்ட்மாஸ்டர், உச்சிப்புளி:

தமிழிலேயே போடுங்கள். மனு கொடுக்கிற பகுதியின் ஆட்சிமொழியில் எழுதலாம் என்று பிரிவு 6(1) சொல்கிறது.

‘போன வருடம்’ மட்டும் வேண்டாம். தேடுகிறவருக்குத் தேதி வேண்டும். கிளையின் பெயர், மூடிய தேதி, அதற்கு முன்னால் ஒரு வருடம், பின்னால் மூன்று மாதம் என்று போடுங்கள். ஆலோசனைக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூடுவது, அதனால் ஐந்தாறு கூட்டம்தான் வரும். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய்.

பாசிக்காரி மகள்:

மூடிய தேதி யாருக்கும் சரியாக ஞாபகம் இல்லை ஐயா. ஒவ்வொருத்தர் ஒவ்வொன்று சொன்னார்கள். கடைசியில் குழுப் பாஸ்புக்கை எடுத்துப் பார்த்தேன். பழைய கிளையில் அச்சான கடைசி வரி மார்ச் 14, புதுக் கிளையின் முதல் வரி ஏப்ரல் 2. இரண்டையும் மனுவில் எழுதி, அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துச் சேர்த்திருக்கிறேன். நாளைக்கு ராமநாதபுரம் போய்த் தபாலில் போடுகிறேன்.