அவசரம்: பெட்டைக்கு வலி வந்துருச்சு, குட்டி வரல

தெற்குக்காடு: ராஜபாளையம் நாய், பெட்டை. காலைல இருந்து தின்னல, மூச்சு வாங்குது, சாக்கைப் பிறாண்டுது. ஒண்ணும் வெளிய வரல. கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கிற ஆக்சிடோசின் ஊசி வாங்கிப் போட்டுரலாமா?

வெள்ளைமூக்கு: எத்தனாவது நாள்? முதல் ஈத்தா? உடம்புச் சூடு பார்த்தீங்களா? முக்குதா, சும்மா மூச்சு வாங்குதா?

கோம்பையன்: கால்சியம் பத்தல ப்ரோ. சினையில டானிக் குடுத்தீங்களா?

பழையகை: வாரம் ஒருத்தர் இதே ஊசியோட வர்றாங்க, தேடிப் படிக்க யாருக்கும் நேரமில்ல. குட்டி குறுக்கே நின்னா ஆக்சிடோசின்ல கர்ப்பப்பை கிழியும். நஞ்சுக்கொடி முன்னாடியே பிரிஞ்சா உள்ள இருக்குற குட்டி செத்துரும். டாக்டர் பார்த்துப் போடுற மருந்து அது. எக்ஸ்ரே இருக்கா?

தெற்குக்காடு: எக்ஸ்ரே எடுக்கல. ஆணோட சேர்த்து 61 நாள் ஆச்சு, முதல் ஈத்து. முக்கல. உடம்புச் சூடு இப்ப 98.6 ஃபாரன்ஹீட்.

வெள்ளைமூக்கு: அப்ப இது பிரசவத்தோட முதல் கட்டம்தான். 99-க்குக் கீழ இறங்கினா பெரும்பாலும் ஒரு நாளுக்குள்ள போட்டுரும். இந்தத் தவிப்பு 6–12 மணி நேரம் இருக்கும், தலையீத்துல இன்னும் இழுக்கும். சேர்த்த தேதியை நம்பாதீங்க, 57-லயும் போடும், 72-லயும் போடும். உடனே வண்டி எடுக்க வேண்டியது எப்பன்னா: முதல் குட்டிக்கு முன்னாடி கரும்பச்சையா வடிஞ்சா, அரை மணி நேரம் விடாம முக்கியும் குட்டி வரலைன்னா, ஒரு குட்டிக்கு அப்புறம் 2 மணி நேரம் தாண்டினா, உடம்புச் சூடு இறங்கி 24 மணி நேரமாகியும் முக்கலே வரலைன்னா. முதல் குட்டிக்கு அப்புறம் பச்சை வந்தா பயம் வேண்டாம்.

மருந்துப்பெட்டி: கோம்பையன், சினையில கால்சியத்தை ஊத்தினா ரத்தத்துல கால்சியத்தைச் சீரா வைக்கிற பாராதைராய்டு சுரப்பி சோம்பிப் போகும். பால் பெருகுறப்ப எலும்புல இருந்து கால்சியம் எடுக்க வராது. ஈன்ற சில வாரத்துல நடுக்கம், விறைப்பு, வலிப்பு.

கோம்பையன்: இங்க எல்லாரும் குடுக்கிறாங்க, ஒண்ணும் ஆகலையே. வெறும் சோறும் கோழியும் தின்ற நாய்க்கு கால்சியம் எங்க இருந்து வரும்?

மருந்துப்பெட்டி: அது நியாயம்தான். அதுக்குத்தான் கடைசி 3 வாரம் நாய்க்குட்டிங்களுக்கான தீவனம் போடச் சொல்றது. டானிக் பாட்டில் இல்ல. வலிப்பே வந்தா டாக்டர் கால்சியம் குளுக்கோனேட்டை நரம்புல மெதுவா, இதயத்துடிப்பைப் பார்த்துக்கிட்டே ஏத்துவார். வேகமா ஏத்தினா இதயம் நின்னுரும்.

கோம்பையன்: டானிக்கால செத்த நாயைக் காட்டுங்க.

வெள்ளைமூக்கு: சண்டையை வேற இழையில வெச்சுக்குங்க. தெற்குக்காடு, குட்டியை மூடியிருக்குற பையைத் தாய் கிழிக்கலைன்னா நீங்க கிழிச்சு, மூக்கைத் துடைச்சு, துண்டால நல்லாத் தேய்ங்க. குட்டியைப் பிடிச்சு வீசிச் சுழட்டாதீங்க, மூளைக்குள்ள ரத்தம் கசியும். தொப்புள்கொடியைக் குட்டி வயித்துல இருந்து ஒரு அங்குலம் விட்டு நூலால கட்டி அறுங்க, அயோடின் தடவுங்க. குளிர்ந்த குட்டிக்குப் பால் ஊட்டாதீங்க, முதல்ல சூடேத்தணும். பெட்டிக்குள்ள முதல் வாரம் 85–90 டிகிரி ஃபாரன்ஹீட்.

தெற்குக்காடு: 4 குட்டி. ஒண்ணு பின்னங்கால் முன்னாடி வந்துச்சு. நஞ்சு 3தான் எண்ணினேன்.

வெள்ளைமூக்கு: பின்னங்கால் சகஜம். ஒரு நஞ்சைத் தாய் தின்னிருக்கலாம். நாத்தமா வடிஞ்சாலோ சூடு 103-க்கு மேல போனாலோ காட்டுங்க. உள்ள இன்னும் குட்டி இருக்குற மாதிரி வயிறு கெட்டியா இருக்கா?

பழையகை: எக்ஸ்ரே எடுத்திருந்தா வயித்தைத் தடவ வேண்டியதில்ல. 55 நாளுக்கு மேல மண்டையோட்டை எண்ணி எத்தனை குட்டின்னு சொல்லிரலாம்.

மருந்துப்பெட்டி: எல்லாம் பால் வெள்ளையா? அந்த நிறத்துல காது கேக்காத குட்டி வரலாம். 5 வாரத்துல ஒவ்வொண்ணா தனியா வெச்சு, பின்னாடி இருந்து சத்தம் குடுத்துக் காது கேக்குதான்னு பார்த்துட்டு வில்லுங்க.