உடம்புக்குள் வேற்றுக்கோள் உயிர், நடுவில் ஒரு காதல்: இந்த வகை நாவல் எங்கே உடைகிறது?

காவேரிப்பட்டணம் (கேள்வி):
கதை இதுதான். செல்விக்கு 27 வயது. பெங்களூரா மாங்காய் சீசனில் மாங்கூழ் ஆலையில் நைட் ஷிப்ட் பார்க்கிறாள். அவள் உடம்புக்குள் வேற்றுக்கோள் உயிர் ஒன்று குடியேறுகிறது. செல்வி சாகவில்லை, உள்ளேயே விழித்திருக்கிறாள், ஆனால் கை கால் அவள் சொல் கேட்பதில்லை. அவளுக்குப் பேசி முடித்த மாதையன் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவன். நாள் போகப்போக உள்ளே வந்ததற்கும் அவன்மேல் பிரியம் வந்துவிடுகிறது. பாதி வரை எழுதியாகிவிட்டது. படித்தவர்கள் சொல்வது இரண்டு: யார் பேசுகிறார்கள் என்று புரியவில்லை, காதல் ஒட்டவில்லை. இந்த வகையை எழுதியும் திருத்தியும் பழகியவர்கள் எதை எதிர்கொண்டீர்கள், என்ன செய்தால் சரியாகிறது, சொல்லுங்கள்.

பாலக்கோடு:
முதலில் அது உடம்பில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று முடிவு செய்யுங்கள். பெரும்பாலான கதைகள் யோசிக்காமல் மண்டைக்குள் வைத்துவிடுகின்றன. மண்டை ஓடு மூடிய பெட்டி. உள்ளே கூடுதலாக எது வளர்ந்தாலும் அழுத்தம் ஏறும். காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் என்று வரிசையாக வரும். செல்வி வேலைக்கே போக முடியாது.

இடுப்பில் வையுங்கள். பெரியவர்களுக்குத் தண்டுவடம் முதலாவது, இரண்டாவது இடுப்பு முள்ளெலும்பு அளவிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே திரவம் நிறைந்த பை, அதில் தொங்கும் நரம்பு வேர்கள். டாக்டர்கள் முதுகில் நீர் எடுப்பதும் அந்த இடத்தில்தான். அங்கேயும் இடம் தாராளமில்லை. மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் திரவம் எல்லாம் சேர்த்தே ஏறக்குறைய 150 மி.லி. அதனால் வந்த உயிரின் பருமன் 15 மி.லி.க்குள், அதாவது மூன்று டீஸ்பூனுக்குள் நிற்கட்டும். அதைத் தாண்டினால் கால் மரத்துப்போகும், சிறுநீர் கட்டுப்படாது.

இதில் கதைக்கு ஒரு லாபம் இருக்கிறது. இடுப்பிலிருந்து மூளைக்கு அது இழை விட வேண்டும், தூரம் கிட்டத்தட்ட அரை மீட்டர். உறை போர்த்திய வேகமான நரம்பில் செய்தி நொடிக்கு 100 மீட்டர் வரை ஓடும். உறையில்லாத மெல்லிய நரம்பில் ஒரு மீட்டர் அளவுதான். வந்ததன் இழைக்கு உறை கிடையாது என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு பதிலும் அரை நொடி பிந்தும். "செல்வி!" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில் ஒரு சின்ன தாமதம். ஆலையில் சத்தத்துக்கு நடுவே யாருக்கும் தெரியாது. மாதையனுக்குத் தெரியும்.

தர்மபுரி:
பாலக்கோட்டுக்காரர் சொன்னதோடு சாப்பாட்டுக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உடம்பு சும்மா இருக்கும்போது செலவாகும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை மூளை ஒன்றே எடுத்துக்கொள்கிறது. ஒரு நாளைக்கு 400 கிலோகலோரி அளவு வரும். உள்ளே இன்னொரு அறிவு யோசிக்கிறது என்றால் அதற்கும் அதே செலவு. கேழ்வரகு மாவில் 100 கிராமுக்கு சுமார் 320 கிலோகலோரி. ஆக, தினமும் 125 கிராம் மாவுக் களி கூடுதலாக இறங்க வேண்டும். இறங்காவிட்டால் இரண்டு மாதத்தில் ஆள் இளைத்துவிடுவாள்.

வீட்டில் முதலில் கண்டுபிடிக்கிறவள் அம்மா. களி கிளறுகிறவளுக்கு யார் எத்தனை உருண்டை என்பது கையளவில் மனப்பாடம். ஒரு வாரமாக மாவுத் தூக்கு சீக்கிரம் காலியாவதை அவள் கவனிக்கட்டும். பிறகு, செல்வி எப்போதும் கீரைக் குழம்பில் தொட்டு முழுங்குகிறவள், இப்போது களியை மெல்லுகிறாள். களியை யாராவது மெல்லுவார்களா? இந்த ஒரு விவரம் இரண்டு பக்க வருணனைக்குச் சமம்.

ஊத்தங்கரை:
அது சரி. ஆனால் எந்த அளவுக்கு ஆட்டிவைக்க முடியும்? "முழுக் கட்டுப்பாடு" என்று ஒரே வரியில் எழுதினால் கதையில் இழுபறியே இருக்காது.

கிருஷ்ணகிரி:
இயற்கையில் இருக்கும் ஒட்டுண்ணிகளைப் பாருங்கள், எதுவுமே எல்லாவற்றையும் பிடிப்பதில்லை. மரகதக் குளவி கரப்பானின் தலை நரம்புத் திரளில் கொட்டுகிறது. கரப்பானுக்கு வாதம் வருவதில்லை. இழுத்தால் நடக்கும், தானாக நடக்கத் தொடங்காது, அவ்வளவுதான். குளவி அதன் உணர்கொம்பைப் பிடித்து வளைக்குள் கூட்டிப்போகிறது. எறும்பைப் பிடிக்கும் கார்டிசெப்ஸ் வகைப் பூஞ்சை உடம்பு முழுக்கத் தசைகளுக்குள் பரவுகிறது, மூளைக்குள் நுழைவதில்லை என்று 2017-இல் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஈரல் தட்டைப்புழு இன்னும் விசேஷம். சாயங்காலம் குளிர்ந்ததும் எறும்பைப் புல் நுனியில் ஏற்றிக் கடிக்க வைக்கும், வெயில் ஏறினால் விட்டுவிடும். பகலில் அந்த எறும்பு மற்ற எறும்பு மாதிரியே வேலை செய்யும்.

இந்தக் கடைசியை எடுத்துக்கொள்ளுங்கள். மனித உடம்பு எறும்பைப்போல ஊர்க் குளிருக்குக் குளிராது, ஆனால் உள்வெப்பம் ஒரு நாளுக்குள் அரை முதல் ஒரு டிகிரி வரை ஏறி இறங்கும். இரவில் தூங்குகிறவர்களுக்கு விடியற்காலை நாலு மணி வாக்கில்தான் மிகக் குறைவு. வந்ததன் பிடி அப்போது இறுகட்டும், பகலில் தளரட்டும், 39 டிகிரி காய்ச்சலில் கழன்றேபோகட்டும். செல்வி நைட் ஷிப்ட் பார்ப்பதால் அவளுடைய ஏற்ற இறக்கம் ஏற்கெனவே கலைந்திருக்கும், எந்த நேரத்தில் உடம்பு யார் கையில் என்பது அவர்களுக்கே தெரியாது. அடுத்த திருப்பத்துக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பென்னாகரம்:
நினைவு விஷயத்தில்தான் இந்த நாவல்கள் அதிகம் சறுக்குகின்றன. வந்த உயிர் நினைவைப் புத்தகம்போலப் புரட்டுகிறது, உடனே எல்லாத் தொழிலும் தெரிந்துவிடுகிறது. அப்படி நடக்காது. 1953-இல் வலிப்புக்காக ஒருவருக்கு மூளையின் இரு பக்கமும் ஹிப்போகேம்பஸ் பகுதியை எடுத்தார்கள். அதன்பிறகு புதிதாக நடந்த எதுவும் அவருக்கு மனதில் நிற்கவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேறினார், முந்தின நாள் வரைந்ததே நினைவில்லாமல். நடந்த சம்பவம் ஓரிடத்தில், கைப்பழக்கம் வேறிடத்தில் இருக்கிறது.

உங்களிடம் பரிசல் இருக்கிறது, அதை வைத்தே காட்டலாம். பரிசல் மூங்கில் பின்னல், வட்டம், அடிக்கட்டை கிடையாது. ஒரே பக்கம் துடுப்பு போட்டால் நின்ற இடத்தில் சுற்றும். முன்பக்கம் உட்கார்ந்து, துடுப்பை எட்டி வைத்துத் தன் பக்கமாக இழுத்து, சுற்ற ஆரம்பிக்கும் முன்பே மறுபக்கம் மாற்ற வேண்டும். மாதையன் செல்விக்கு முன்பே கற்றுக்கொடுத்திருக்கிறான் என்று வையுங்கள். வந்ததற்கு அந்தக் கற்றுக்கொடுத்த நாள் முழுதாக நினைவில் கிடைக்கிறது. அவன் போட்டிருந்த சட்டை நிறம்வரை தெரியும், பரிசல் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது கையை விட்டுக்கொடுத்தால்தான் பரிசல் நேராகப் போகும். நம்பிக்கை பிறக்கிற காட்சியை இங்கே வையுங்கள். முத்தக் காட்சியில் வைத்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஓசூர்:
மொழியும் அப்படித்தான். எங்கள் பக்கம் ஒரே வீட்டில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும். பக்கவாதம் வந்த பலமொழிக்காரர்களுக்குச் சில சமயம் ஒரு மொழி முன்னால் திரும்பும், இன்னொன்று பிந்தும். வந்ததற்குத் தமிழ் முதல் வாரத்திலேயே கிடைத்து, பாட்டியோடு பேசும் தெலுங்கு கிடைக்காமல் போகலாம். பாட்டிக்குப் பதில் சொல்ல அது செல்வியைக் கெஞ்ச வேண்டியிருக்கும்.

காவேரிப்பட்டணம்:
ரொம்ப உதவி. யார் பேசுவது என்ற குழப்பத்துக்கு என்ன வழி? செல்வியின் எண்ணத்தைச் சாய்வெழுத்தில் போட்டேன்.

அரூர்:
சாய்வெழுத்து வேண்டாம். தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனியாக வரைந்த சாய்வு வடிவமே கிடையாது. நிமிர்ந்த எழுத்தை இயந்திரம் சாய்க்கிறது, சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி போனில் படிக்க முடியாது. வாயால் பேசுவதற்கு மேற்கோள்குறி, உள்ளுக்குள் பேசுவதற்குக் கோடு, இதோடு நிறுத்துங்கள்.

வந்ததற்குச் செந்தமிழ், செல்விக்கு ஊர்ப்பேச்சு என்று பிரிக்கும் வழக்கமும் கைகொடுக்காது. அது அவள் மொழியைத்தான் எடுத்துப் பேசுகிறது, அவள் பேச்சுதான் அதற்கும் வரும். எதைக் கவனிக்கிறார்கள் என்பதில் பிரியுங்கள். மாதையன் பக்கத்தில் வந்து நிற்கிறான்.

– சட்டையில தார் வாசனை. காலையிலேயே பரிசலுக்குப் பூச்சு போட்டிருக்கான், முழங்கை வலிக்குதுன்னு சொல்ல மாட்டான்.

– தார். அதுக்கு அடியில உப்பு. இந்த நாக்குல எதுக்குத் தண்ணி ஊறுது?

முதலாமவள் ஆட்களைப் பார்க்கிறாள், இரண்டாவது உடம்பைப் பார்க்கிறது. பெயர் போடாமலேயே தெரிகிறது. காதல் முற்ற முற்ற வந்ததும் ஆட்களைப் பார்க்கத் தொடங்கட்டும், "முழங்கை" என்று அது முதலில் சொல்கிற வரிதான் அதன் காதல் வாக்குமூலம். ஒவ்வொரு காட்சியின் முதல் வரியிலும் கை யாருடையது என்று ஒரு செயலால் காட்டிவிடுங்கள்.

ஊத்தங்கரை:
காதல் ஏன் ஒட்டவில்லை என்பதற்கு வருகிறேன். உங்கள் கதையில் மாதையன் அந்தக் கையைப் பிடிக்கும்போது செல்வியிடம் யாரும் கேட்கவில்லை. படிக்கிற பெண்கள் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவார்கள், மூடுவதுதான் நியாயம்.

நம்மிடம் இதற்குப் பழைய முன்மாதிரி உண்டு. பெரியபுராணத்தில் திருமூலர், செத்துக்கிடந்த இடையன் மூலனின் உடம்புக்குள் புகுகிறார், பசுக்கள் கதறுவதைப் பொறுக்காமல். மாலையில் மாடுகள் வீடு சேர்ந்ததும் மூலனின் மனைவி வருகிறாள், புருஷன் என்று தொடப்போகிறாள். அவர் தொடவிடவில்லை, உனக்கும் எனக்கும் உறவில்லை என்று சொல்லி மடத்துக்குப் போய்விடுகிறார். உடம்பை எடுத்தவருக்கு அந்த உடம்பின் உறவை எடுக்க உரிமையில்லை என்ற எல்லை அதில் இருக்கிறது. அதே சமயம் அந்த மனைவி அன்றைக்கு இரவெல்லாம் தூங்கவில்லை என்பதோடு புராணம் நகர்ந்துவிடுகிறது, அவள் மனதில் என்ன ஓடியது என்று நம் நாவல்கள்தான் எழுத வேண்டும்.

நடைமுறையில் செய்ய வேண்டியது: நாலாவது அத்தியாயத்துக்குள் செல்விக்கு ஒரு தசையை மிச்சம் வையுங்கள். இடது கை சுண்டுவிரல் போதும். மடக்கினால் "வேண்டாம்". அதை மாதையனுக்கும் தெரியப்படுத்துங்கள். அதன்பிறகு எந்தத் தொடுகைக் காட்சியிலும் அவன் கண் முதலில் அந்த விரலுக்குப் போக வேண்டும். ஒரு முறையாவது அவள் மடக்க வேண்டும், அவனும் வந்ததும் இருவருமே விலக வேண்டும். இல்லாவிட்டால் அந்த விதி வெறும் அலங்காரம்.

அரூர்:
இன்னொன்று விட்டுப்போயிற்று. இந்த ஊரில் ஒரு பெண் திடீரென்று வேறு மாதிரிப் பேசினால் வீட்டார் முதலில் ஸ்கேனுக்குப் போக மாட்டார்கள், பூசாரியிடம் போவார்கள். உடுக்கை அடித்து "யாரு வந்திருக்கறது? பேரைச் சொல்லு" என்று கேட்பார். அந்தக் காட்சி இல்லாவிட்டால் நாவல் வேறு எந்த ஊரிலோ நடக்கிறது. பூசாரியை ஏமாற்றுக்காரராக எழுதாதீர்கள். கேள்வி சரியான கேள்வி, வந்ததிடம் முதன்முதலாக நேராகப் பேர் கேட்கிறவர் அவர்தான். அருள் வந்தவர்கள் பிறகு எதுவும் நினைவில்லை என்பார்கள், செல்விக்கோ எல்லாம் நினைவிருக்கிறது. பூசாரிக்கு அங்கேதான் இது தன் கைக்கு அப்பாற்பட்டது என்று புரியட்டும்.

காவேரிப்பட்டணம்:
முடிவில் மூளைச்சாவு அடைந்த ஒருத்தியின் உடம்பை வந்ததற்குக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

ஊத்தங்கரை:
வேண்டாம். அவளுக்கும் வீடு இருக்கும், மூலனுக்கு இருந்ததுபோல. சட்டப்படியும் இடிக்கும். 1994 உறுப்பு மாற்றுச் சட்டத்தின்கீழ் நாலு டாக்டர்கள் கொண்ட குழு ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்துத்தான் மூளைச்சாவை உறுதி செய்கிறது. அந்த ஆறு மணி நேரம் உறவினர்கள் வராந்தாவில் நிற்பார்கள். அவர்களை எழுதாமல் அந்த உடம்பை எடுக்க முடியாது.

பாலக்கோடு:
வெளியே எடுக்கிற முடிவென்றால் இடுப்பு வழியாகவே எடுங்கள். ஆனால் முதலில் சொன்ன திரவப் பையின் உறையில் ஓட்டை விழும், திரவம் கசியும். ஓரிரு நாளில் தலைவலி வரும், உட்கார்ந்தால் மண்டை பிளக்கும், படுத்தால் குறையும். அடங்காவிட்டால் அவள் கையிலிருந்தே 20 மி.லி. ரத்தம் எடுத்து முதுகில் அந்த உறைக்கு வெளியே செலுத்துவார்கள், அது உறைந்து ஓட்டையை அடைக்கும். எடுத்த மறுநாளே அவளைப் பரிசலில் ஏற்றிவிடாதீர்கள். ஒரு வாரமாவது படுத்திருக்கட்டும், அந்த வாரத்துக்குத் தனி அத்தியாயம் கொடுங்கள்.