புதுப்பிப்பு: புது வீணையில் சாரணித் தந்தியின் கரகரப்பு தீர்ந்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. மறந்தவர்களுக்கு: புது வீணை, சாரணியில் (முதல் தந்தி) அந்தர காந்தாரம் என்ற சுரத்தை மீட்டினால் மட்டும் கரகரவென்று இரைச்சல்.

முதலில் தந்தியை மாற்றினேன். பலனில்லை. பக்கவாட்டில் தாளம் போட உள்ள தாளத் தந்திகளை விரலால் அணைத்தபடி மீட்டியும் இரைச்சல் அப்படியே இருந்தது. குதிரையின் (தந்திகளைத் தாங்கும் பாலம்) மேல்தகட்டை அராவச் சொன்ன யோசனையை மட்டும் ஒத்திப்போட்டேன். வீணையின் நாதமே அந்தத் தகட்டின் மெல்லிய வளைவில்தான் இருக்கிறது. அராவிவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது.

தீர்வு தந்தது "அடுத்த மெட்டைப் பாருங்கள்" என்ற பதில். மெட்டு என்பது சுரத்துக்காகத் தந்தியை அழுத்தும் உலோகக் கட்டை; காந்தாரம் நான்காம் மெட்டு. எஃகு அளவுகோலை நான்கு, ஐந்து, ஆறாம் மெட்டுகளின் மேல் வைத்தால் ஐந்தில் முட்டி ஆடியது, அதுவும் ஒரு முனையில் மட்டும். தந்தியை இழுத்துக் கமகம் (சுர அசைவு) பிடிக்கும்போது இரைச்சல் மறைந்ததன் காரணம் இதுதான்: இழுத்த தந்தி அந்த முனையை விட்டு விலகிவிடும். கோடை வெயிலில் மூடிய வண்டியில் வந்த வீணை. மெட்டுகளைப் பதித்திருக்கும் மெழுகு இளகி மெட்டு எழும்பியிருக்க வேண்டும். மெட்டு கட்டுபவர் சூடான கம்பியால் மெழுகை இளக்கி, அந்த முனையை அழுத்தி, சுருதி பார்த்து ஆறவைத்தார். காந்தாரம் சுத்தமாகிவிட்டது.

எதிர்பாராத ஒன்று: இரைச்சல் போனபின் மந்தரம் என்ற மூன்றாம் தந்தியில் மெலிதாக ஒரு கிணுகிணுப்பு கேட்டது. தந்திகளின் அடிமுனையைக் கட்டும் நாகபாசத்தருகே, லங்கரின் (சுருதியை நுணுக்கமாகச் சரிசெய்யும் கம்பி) வளையம் பக்கத்துக் கம்பியை உரசிக்கொண்டிருந்தது. இடையில் துணித் துண்டு ஒன்றைச் செருகியதும் அடங்கியது. மெட்டில் கை வைப்பதற்கு முன் அங்கேயும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.