போர் முடிஞ்ச ஊர் யுனிவர்சிட்டி ஆளுங்களோட பழகின அனுபவம் இருந்தா சொல்லுங்க

காலாப்பட்டு ஜெராக்ஸ்:
நம்ம கடை யுனிவர்சிட்டி பக்கம்தான், தீசிஸ் பைண்டிங்ல ஓடுது பொழப்பு. ஈராக்காரர் ஒருத்தர், மோசுல் யுனிவர்சிட்டில வாத்தியாரு, லீவு போட்டு வந்து கெமிஸ்ட்ரி பிஎச்டி பண்ணாரு. கருப்பு ரெக்சின், தங்க எழுத்து, அதெல்லாம் எல்லாரும் கேக்கறதுதான், ஆனா ஒரே ஒரு காப்பிக்கு மட்டும் தையல் போட்டுக் கட்டுங்கண்ணா, வெறும் கோந்து வேணாம்னு பக்கத்துலயே நின்னு ஊசி உள்ள போய் வர்றத பாத்துட்டு இருந்தாரு. யாருக்குன்னா, ஊர்ல அவங்க யுனிவர்சிட்டி லைப்ரரிக்காம். 2014 ஜூன்ல ஐஎஸ் தீவிரவாதிங்க ஊரப் புடிச்சிருக்காங்க, 2017 ஜனவரில ராணுவம் கேம்பஸ மீட்டப்போ சென்ட்ரல் லைப்ரரி கரிக்கட்டையா கெடந்துச்சு, லட்சக்கணக்குல புத்தகம் காலி. அப்புறம் ஜெர்மனி பணத்துல யுஎன்டிபி, அதான் ஐ.நா.வோட வளர்ச்சித் திட்ட அமைப்பு, கட்டடத்த சரிபண்ணி 2022ல திறந்தாங்க. கட்டடம் வந்துடுச்சு, லேப்தான் பாதி காலின்னாரு. இங்க அவரு கைடு, ஊருக்குப் போயும் சாம்பிள் அனுப்புப்பா, நம்ம மெஷின்ல போட்டு ரிசல்ட் தர்றேன்னு சொல்லிருக்காரு. எந்த மந்திரியும் கையெழுத்து போடல, சால்வை போத்தல, ஆனா என்னக் கேட்டா இதான் பார்ட்னர்ஷிப்பு.

முதுநகர் பையன்:
சிதம்பரத்துல ஒரு செமினார்ல யாழ்ப்பாணத்து சார் ஒருத்தர் பக்கத்துல ஒக்காந்தேன். 1987 அக்டோபர்ல புலிகளப் புடிக்க நம்ம ஆர்மி ஹெலிகாப்டர் எறங்குனது அவங்க யுனிவர்சிட்டி மைதானத்துல, பின்னாடி கிளிநொச்சி அறிவியல் நகர்ல அதே யுனிவர்சிட்டியோட இன்ஜினியரிங், அக்ரி ஃபேகல்டிக்கு பணம் குடுத்ததும் நம்ம அரசாங்கம். ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்லிட்டு காபிய குடிச்சாரு மனுஷன், எனக்குத்தான் எங்க பாக்கறதுன்னு தெரியல. புத்தகம் அனுப்பலாமான்னு கேட்டேன். "புத்தகம் வருது தம்பி, பழைய பதிப்பெல்லாம் வருது, படிப்பிக்கத்தான் ஆக்கள் காணாது"ன்னாரு. நார்வேல பெர்கன் பக்கத்து யுனிவர்சிட்டியோட சோலார் ஆராய்ச்சி ஒண்ணு பண்ணாங்களாம், யாழ்ப்பாணத்துலேருந்து அங்க, அங்கேருந்து யாழ்ப்பாணத்துக்குன்னு பசங்களும் வாத்தியாருங்களும் போய்வந்தாங்களாம், அதப் பத்தி பேசும்போது மட்டும் மொகம் மாறுச்சு.

வில்லியனூர் அக்கா:
எல்லாம் சரி தம்பி, போன பசங்க திரும்பி வர்றாங்களா? ஸ்காலர்ஷிப்னு கூட்டிட்டுப் போய் நல்ல புள்ளைங்கள அவங்களே வெச்சுக்கறதும் நடக்குதுல்ல.

முதுநகர் பையன்:
அக்கா அதையும் கேட்டேன். அதுக்குத்தான் சாண்ட்விச் பிஎச்டியாம். ரிஜிஸ்ட்ரேஷன் சொந்த ஊர்ல, கைடு ரெண்டு பேரு, கொஞ்ச மாசம் மட்டும் வெளிநாட்டு லேப்ல, டிகிரி ஊர்லயே. அப்படியும் சில பேரு போயிடறாங்கதான். சண்ட முடிஞ்ச ஊர்ல வாத்தியார் சம்பளத்த நம்பி ஒக்காருன்னு யார்கிட்ட சொல்ல முடியும், நீங்களே சொல்லுங்க.