செக் வருவதற்கு முன்பே லீன் வெய்வரில் கையெழுத்துக் கேட்கிறார்கள், போடலாமா? (கலிஃபோர்னியா)

கேள்வி (டைல்ஸ் சப்ளையர், ஃப்ரீமாண்ட்):
வணக்கம். ஒரு வீட்டு ரீமாடல் வேலைக்கு ஜூன் முழுக்க டைல்ஸ் இறக்கினேன். 18,400 டாலர் வரவேண்டும். மாடிப்படிக்கென்று பிறகு கேட்டு வாங்கியது தனி பில், 2,350. இன்று ஜெனரல் கான்ட்ராக்டர் ஆபீஸிலிருந்து 'அன்கண்டிஷனல் வெய்வர் அண்ட் ரிலீஸ் ஆன் ப்ராக்ரஸ் பேமெண்ட்' என்று ஒரு ஃபாரம் வந்திருக்கிறது (லீன் என்பது பணம் வராவிட்டால் அந்த வீட்டின் மேல் பதியும் உரிமை; அதை நிபந்தனையில்லாமல் விட்டுக்கொடுக்கும் தாள் இது). கையெழுத்துப் போட்டு அனுப்பினால் வெள்ளிக்கிழமை செக் தருவார்களாம். "எல்லாரும் போடுறதுதான்" என்கிறார்கள். தேதிக்கான ஒரு கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. இரண்டு வருடப் பழக்கம், முறைத்துக்கொள்ளவும் மனமில்லை. என்ன செய்யலாம்?

பதில் (பெயின்டிங் கான்ட்ராக்டர், சேக்ரமெண்டோ):
போடாதீர்கள் சார். அந்தத் தாளில் பெரிய எழுத்தில் ஒரு எச்சரிக்கை இருக்கும், அதை வாசியுங்கள். பணம் கைக்கு வராவிட்டாலும் இந்தக் கையெழுத்து உங்களைக் கட்டும், பணம் வரவில்லை என்றால் கண்டிஷனல் (பணம் வந்தால்தான் செல்லும் என்ற நிபந்தனையுள்ள) ஃபாரத்தைப் பயன்படுத்துங்கள் என்று சட்டமே அச்சடித்து வைத்திருக்கிறது.

இங்கே சிவில் கோடில் மொத்தம் 4 ஃபாரம்: 8132, 8134, 8136, 8138. முதல் இரண்டும் இடையில் வரும் பேமெண்டுக்கு, அடுத்த இரண்டும் கடைசிப் பேமெண்டுக்கு. உங்களுக்கு வந்திருப்பது அன்கண்டிஷனலான 8134. நீங்கள் கொடுக்க வேண்டியது கண்டிஷனலான 8132. அதில் செக் யார் பெயரில், யாருக்கு, எவ்வளவு என்று எழுதுவீர்கள். அந்த செக் பாங்கில் பாஸ் ஆனால்தான் வெய்வருக்கு உயிர்.

நான் ஒரு தடவை நம்பிப் போட்டேன். செக் திரும்பி வந்தது. லீன் போடப் போனால், என் கையெழுத்துள்ள தாளையே எடுத்து நீட்டினார்கள். அந்தப் பணத்துக்கு ஒரு வருடம் அலைந்தேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. அந்தக் காலிக் கட்டம்?

அதே பெயின்டிங் கான்ட்ராக்டர்:
'த்ரூ டேட்'. அதை ஒருநாளும் காலியாக விடாதீர்கள். எந்தத் தேதி வரை இறக்கிய சரக்குக்கு உரிமையை விடுகிறீர்கள் என்பது அதுதான். பில் ஜூன் 30 வரை என்றால் ஜூன் 30 என்று நீங்களே எழுதுங்கள். அவர்கள் ஜூலை 15 என்று நிரப்பினால், ஜூலையில் இறக்கிய சரக்கும் சேர்ந்து போய்விடும். மாடிப்படி பில்லுக்குக் கவலை வேண்டாம்: பணம் வராத எக்ஸ்ட்ராவும் (பிறகு கேட்டு வாங்கிய கூடுதல்) ரிடென்ஷனும் (பில்லில் பிடித்து வைத்த தொகை) 8132-இல் அடங்காது என்று ஃபாரத்திலேயே இருக்கிறது. கடைசிப் பேமெண்டுக்கான 8136 அப்படியல்ல. அங்கே தகராறில் உள்ள எக்ஸ்ட்ரா தொகையை நீங்கள்தான் எழுத வேண்டும்.

பதில் (எலக்ட்ரீஷியன், டல்லாஸ்):
டெக்சஸ் நண்பர்களுக்கு: இங்கேயும் சட்டம் வகுத்த ஃபாரம்தான். பணம் கொடுக்காமல் அன்கண்டிஷனல் கேட்கவே கூடாது என்று ப்ராப்பர்ட்டி கோட் 53.283 சொல்கிறது. 2022 ஜனவரி 1 முதல் போட்ட ஒப்பந்தங்களுக்கு நோட்டரியும் தேவையில்லை. மாநிலத்துக்கு மாநிலம் மாறும், கலிஃபோர்னியா ஃபாரத்தை இங்கே கொண்டுவராதீர்கள்.

பதில் (ஜன்னல், கதவு சப்ளையர், சான் ஹோசே):
ப்ரிலிமினரி நோட்டீஸ் (இந்த வேலைக்குச் சரக்கு தருகிறேன் என்று முன்கூட்டியே தெரிவிக்கும் கடிதம்) அனுப்பினீர்களா தம்பி? முதல் லோடு இறக்கி 20 நாளுக்குள் போயிருக்க வேண்டும். தாமதமாகப் போனால், நோட்டீஸுக்கு முந்தைய 20 நாள் சரக்கும் அதற்குப் பிறகு இறக்கியதும் மட்டும்தான் கணக்கில் வரும். நோட்டீஸே இல்லாவிட்டால் லீன் உரிமையே கிடையாது, வெய்வரைப் பற்றிப் பேசி என்ன பயன்?

கேட்டவர்:
முதல் வாரமே சர்டிஃபைட் மெயிலில் அனுப்பிவிட்டேன் அண்ணா, ரசீது இருக்கிறது.

கேட்டவர் (பத்து நாள் கழித்து):
8132-ஐ நிரப்பி, த்ரூ டேட்டில் ஜூன் 30 போட்டு அனுப்பினேன். ஒரு சின்ன முணுமுணுப்பு, அவ்வளவுதான். செக் வந்தது, பாங்கில் பாஸ் ஆனது. அதற்குப் பிறகுதான் அவர்கள் கேட்ட 8134-இல் கையெழுத்துப் போட்டேன், அதிலும் அதே ஜூன் 30. மாடிப்படி பில் இன்னும் வரவில்லை. வேலை முடிந்து 90 நாளுக்குள் லீன் பதிய வேண்டும், ஓனர் நோட்டீஸ் ஆஃப் கம்ப்ளீஷன் (வேலை முடிந்தது என்ற அறிவிப்பு) பதிந்துவிட்டால் எங்களைப் போன்ற சப்ளையருக்கு 30 நாள்தான் என்கிறார்கள். அது பதிவாகியிருக்கிறதா என்று கவுண்டி ரெக்கார்டர் ஆபீஸில் வாரம் ஒருமுறை பார்த்து வருகிறேன்.