திருவனந்தபுரம் – மெல்போர்ன்: அம்மா தனியாகப் போகிறார்கள், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். மார்த்தாண்டத்திலிருந்து எழுதுகிறேன். டிசம்பரில் அம்மா மெல்போர்னில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குத் தனியாகப் போகிறார்கள். முதல் விமானப் பயணம், முட்டுவலி வேறு.

திருவனந்தபுரத்திலிருந்து மெல்போர்ன் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 8,700 கிலோமீட்டர். சிங்கப்பூர் வழியாகப் போனால் முதலில் 3,100, அப்புறம் 6,000. சுற்று பெரிதாக இல்லை. பறக்கும் நேரம் நாலேகால் மணி, பிறகு ஏழரை மணி அளவில் வரும். டிசம்பரில் மெல்போர்ன் கடிகாரம் நம்மைவிட 5.30 மணி நேரம் முன்னால் ஓடும் என்பதால், டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரங்களை அப்படியே கழித்துப் பார்த்தால் பயணம் ரொம்ப நீளமாகத் தெரிகிறது.

மாமா சென்னைக்குப் போய் ஏறச் சொல்கிறார். ராத்திரி முழுக்க ரயிலில் போன பிறகு விமானமும் ஏறுவது அம்மாவுக்குத் தாங்காது என்றே நினைக்கிறேன். இங்கிருந்து களியக்காவிளை, நெய்யாற்றின்கரை நெரிசலைத் தாண்டினால் திருவனந்தபுரம் பக்கம்தானே.

சிங்கப்பூரில் வீல்சேரில் போகிறவர்களுக்கு எத்தனை மணி நேர இடைவெளி வேண்டும்? இரண்டு விமானத்துக்கும் ஒரே டிக்கெட்டாக எடுத்தால் பெட்டி நேரே மெல்போர்னில் கிடைத்துவிடுமா? முந்திரிக்கொத்தும் கருப்பட்டியும் கொடுத்துவிட ஆசை. ஆஸ்திரேலியாவில் சாப்பாட்டுப் பொருளைப் படிவத்தில் கட்டாயம் எழுத வேண்டும் என்று தெரியும். எழுதிக் கொண்டுபோனவர்களுக்கு விட்டார்களா? வயதான பெற்றோரை இப்படி அனுப்பியவர்கள் தயவுசெய்து விவரமாகச் சொல்லுங்கள். இந்த வாரமே டிக்கெட் எடுக்க வேண்டும்.