புதுப்பிப்பு: கல்லீரல் அறுவையில் பிரிங்கிள் கவ்வல்

கல்லீரலை வெட்டும்போது ரத்தப்போக்கைக் குறைக்க, அதற்குள் ரத்தம் கொண்டுவரும் தமனியையும் போர்ட்டல் சிரையையும் சேர்த்துக் கவ்வியால் அடைப்பதுதான் பிரிங்கிள் கவ்வல். முந்தைய பதிவில் 15 நிமிடம் அடைப்பு, 5 நிமிடம் திறப்பு என்ற கணக்கை எழுதியிருந்தேன். "அந்த 5 நிமிடம் ரத்தம் வீண்தானே?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். வீண் இல்லை.

அடைத்திருக்கும்போது செல்லில் ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) தீர்கிறது, சோடியமும் கால்சியமும் உள்ளே ஏறிச் செல் வீங்குகிறது, செல்லின் ஆற்றல் ஆலையான மைட்டோகாண்ட்ரியாவில் சக்சினேட் என்ற வளர்சிதைப் பொருள் தேங்குகிறது. கவ்வியைத் தளர்த்தியதும் ஆக்சிஜன் வந்து அந்தச் சக்சினேட் வேகமாக எரிய, செல்லைச் சிதைக்கும் சூப்பராக்சைடு வெடித்துக் கிளம்புகிறது. கல்லீரலின் காவல் செல்களான குப்ஃபர் செல்கள் விழிக்கின்றன. சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் வந்து சேதத்தைப் பெருக்குகின்றன. அடைப்பைத் துண்டு துண்டாக்கினால் ஏடிபி முற்றிலும் வற்றாது. அதற்குத்தான் அந்த 5 நிமிடம்.

ஒரு திருத்தம்: இதே கணக்கை எல்லாருக்கும் பொருத்தக் கூடாது. கொழுப்புக் கல்லீரலில் செல்கள் உப்பி, நுண்குழாய்கள் முன்பே நெருக்கப்பட்டிருக்கும், சீக்கிரம் கெடும்.

கவ்விய பிறகும் பளிச்சென்ற சிவப்பில் ரத்தம் வந்தால், இடது இரைப்பைத் தமனியிலிருந்து கிளைத்த இடது கல்லீரல் தமனி இருக்கலாம். சிறுவபையில் (இரைப்பைக்கும் கல்லீரலுக்கும் இடையிலான சவ்வில்) தேடித் தனியே கவ்வ வேண்டும். கருஞ்சிவப்பாக ஊறினால் கல்லீரல் சிரைதான்; அதை இந்தக் கவ்வி அடைப்பதில்லை. அதனால் மைய சிரை அழுத்தத்தை (இதயத்துக்குத் திரும்பும் பெருஞ்சிரையின் அழுத்தத்தை) 5 மிமீ பாதரசத்துக்குக் கீழே வையுங்கள். ஆனால் கிழிந்த சிரை வழியே காற்று உள்ளே இழுக்கப்படும் ஆபத்தும் அப்போதுதான் கூடும்.

அறுவைக்குப் பின் முதல் 2 நாள் ஏஎஸ்டி, ஏஎல்டி (கல்லீரல் செல் சேதத்தைக் காட்டும் நொதிகள்) ஏறுவது வழக்கம். 5-ஆம் நாள் பிலிருபின் (மஞ்சள் காமாலை நிறமி) டெசிலிட்டருக்கு சுமார் 3 மி.கி.க்கு மேலும், புரோத்ராம்பின் அளவு (ரத்தம் உறையும் திறன்) இயல்பில் 50%க்குக் கீழும் இருந்தால் உயிராபத்து அதிகம்.